காகித ஆலையில் நான்கு வாரங்கள்

ஏப்ரல், மே திங்கள்கள் நெருங்கும்போது, பொறியியல் பயிலும் பிள்ளைகள் உள்ள இல்லங்களில் ஒரு பேச்சு எழுவதை நாம் கண்டு வருகிறோம். "கல்லூரியில் பயிற்சிக்குப் போகச் சொல்கிறார்கள். எங்கே போவது? யாரைக் கேட்பது?" மாணவர் நாவில் 'இன்டர்ன்ஷிப்' என்றும், ஆலைகளில் 'இன்பிளான்ட் டிரெயினிங்' என்றும் வழங்கும் தொழிலகப் பயிற்சியைப் பற்றிய பேச்சே அது. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2018-இல் வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டம் இப்பயிற்சியைப் பட்டப்படிப்பின் ஒரு பகுதியாகவே சேர்த்துக்கொண்டது. ஆகவே, வசதியுள்ள பிள்ளைகள் மட்டும் விரும்பினால் செய்துகொள்ளும் காரியமாக இது இனி இருக்க முடியாது.

பெற்றோர் இங்கே ஒன்றைத் தெளிந்துகொள்வது நல்லது. 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின்கீழ், படிப்பை முடித்தவர் ஓராண்டு பெறும் பயிற்சி வேறு. அதற்கு உதவித்தொகை உண்டு. சட்டமே அதை வரையறுத்துள்ளது. படித்துக்கொண்டிருக்கும்போதே கோடையில் சில வாரங்கள் பெறும் பயிற்சி வேறு. இதற்கு உதவித்தொகை கிடைத்தால் நல்வாய்ப்பு, பெரும்பாலும் கிடைப்பதில்லை. தங்குவதும் உண்பதும் மாணவர் செலவு. நடுத்தரத்துக்கும் கீழான குடும்பங்களில் உண்மையான இடர்ப்பாடு இங்கேதான் தொடங்குகிறது.

எமக்கு நன்கு அறிமுகமான ஒரு குடும்பத்தைச் சொல்வோம். தந்தை கொத்தனார், தாய் வீட்டிலிருந்தபடியே தையல் வேலை செய்பவர். மூத்த மகன் மூன்றாம் ஆண்டு இயந்திரப் பொறியியல் மாணவர். முதல் இரண்டு கோடைகளிலும் தந்தையோடு வேலைத்தலத்துக்குச் சென்று, விடுதிக் கட்டணத்தில் ஒரு பகுதியைத் தாமே ஈட்டியவர். மூன்றாம் கோடையில் இரண்டையும் செய்ய வழியில்லை. பயிற்சிக்குப் போனால் ஒரு மாதக் கூலி போகும். அதோடு அறை வாடகையும் உணவுச் செலவும் சேரும். அவ்வேளை உடன் பயிலும் நண்பர் ஒருவர் எளிய வழி ஒன்றைச் சொன்னார். குறிப்பிட்ட தொகையைக் கட்டினால், ஆலை வாசலை மிதியாமலே பயிற்சிச் சான்றிதழ் வாங்கித் தரும் இடைத்தரகர்கள் உண்டாம். இரண்டே நாளில் காரியம் முடிந்துவிடும். மாதம் முழுவதும் வேலைக்கும் போகலாம்.

கணக்குப் பார்த்தால் இது ஆதாயமே. இப்படிப்பட்ட சான்றிதழ் எட்டாம் கட்டளைக்குள் வருமா என்று நம்மிடமே கேட்ட மாணவர் உண்டு. வரும் என்பதே நம் விடை. ஆனால் அந்தத் தந்தை கட்டளை எதையும் எடுத்துக் காட்டவில்லை. "அந்தக் காகிதம் வேண்டாம் தம்பி. நேரில் போய் நின்று பார்த்துவிட்டு வா. பணத்துக்கு வழி பார்ப்போம்" என்றார். தாய் தம் சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்தார். மகன் ஒரு காகித ஆலைக்குப் புறப்பட்டார். எந்த ஆலை என்பது இங்கு வேண்டுவதில்லை. அவர் திரும்பி வந்தபின் பல மாலை வேளைகளில் அவரோடு பேசினோம். அவருடைய குறிப்பேட்டையும் பார்த்தோம். அவற்றிலிருந்து அறிந்ததே இக்கட்டுரை.

கரும்பும் சவுக்கும்

காகிதத் தொழில் நம் நாட்டுக்குப் புதிதன்று. தரங்கம்பாடியிலிருந்த லுத்தரன் மறைபரப்பாளர்கள் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, தங்கள் அச்சகத்தின் தேவைக்காக, அருகிலுள்ள பொறையாற்றில் காகிதப் பட்டறை ஒன்றை அமைத்தனர். அவ்விடத்துக்குக் கடுதாசிப் பட்டறை என்றே பெயர் நிலைத்தது. அந்நாளில் காகிதத்தைத் தாள் தாளாகக் கையால் வடித்தெடுத்தார்கள். நீண்ட தாளை இடைவிடாது வடிக்கும் இயந்திரத்துக்கு 1799-இல் பிரான்சு நாட்டில் காப்புரிமை பெற்றவர் லூயி நிக்கோலா ரோபேர். அதை இங்கிலாந்தில் செம்மைப்படுத்தப் பொருளுதவி செய்த போர்ட்ரினியர் சகோதரர்கள், அதனாலேயே நொடித்துப்போனார்கள். இன்றைய பேராலைகளில் ஓடும் இயந்திரங்கள் பலவற்றுக்கும் அவர்கள் பெயரே வழங்குகிறது. செல்வத்தை இழந்தாலும் பெயர் மட்டும் தப்பியது.

தமிழகத்தில் பள்ளிபாளையத்துச் சேஷசாயி காகித ஆலை 1960-களின் தொடக்கத்திலிருந்து இயங்கி வருகிறது. கரூர் மாவட்டம் புகளூரை அடுத்த காகிதபுரத்தில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் 1979-இல் தமிழக அரசால் நிறுவப்பட்டு, 1984-இல் உற்பத்தியைத் தொடங்கியது. மரத்தை மட்டும் நம்பாமல் கரும்புச் சக்கையை முதன்மை மூலப்பொருளாகக் கொண்டது அதன் சிறப்பு. சக்கையைச் சர்க்கரை ஆலைகள் தங்கள் கொதிகலன்களில் எரித்து நீராவி உண்டாக்குபவை. அதை வீணே தூக்கிக் கொடுக்க மாட்டா. எனவே, சர்க்கரை ஆலைக்கு நிலக்கரியால் நீராவி கிடைக்கச் செய்து, அதற்கு ஈடாகச் சக்கையைப் பெற்றுக்கொள்ளும் ஏற்பாடு உருவாயிற்று. கரும்பு அரைவை ஆண்டு முழுவதும் நடப்பதில்லை. காகித இயந்திரமோ நிற்கலாகாது. ஆகவே சக்கையை மலைபோல் குவித்து, கெட்டுப்போகாதிருக்க நீர் தெளித்து ஈரமாகவே வைத்திருப்பர். சக்கையின் நடுவிலுள்ள பஞ்சுபோன்ற சோறு காகிதத்துக்கு உதவாது. அதைப் பிரித்துக் கொதிகலனில் எரித்துவிடுவார்கள். சக்கையோடு சவுக்கு, தைலமரம் ஆகியவற்றின் கூழும் சேரும்.

கூழாக்கும் பகுதியை இல்லத்தரசியர் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். ஏறத்தாழ அது பெரியதொரு பிரஷர் குக்கரே. மரத்தின் நார்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருக்கும் லிக்னின் என்ற பொருளை, காஸ்டிக் சோடாவும் சோடியம் சல்பைடும் கலந்த நீர்மத்தில், 160, 170 பாகை செல்சியசு வெப்பத்தில் வேகவைத்துக் கரைக்கிறார்கள். செருமானியரான கார்ல் டால் 1879-இல் கண்ட முறை இது. வேகவைத்தபின் எஞ்சும் கறுப்பு நீர்மத்தை ஆற்றில் விட்டால் ஆறு செத்துவிடும், ஆலையும் நட்டப்பட்டுவிடும். அதனால் அதைச் சுண்டவைத்துக் கொதிகலனில் எரிக்கிறார்கள். லிக்னின் எரிந்து நீராவி தருகிறது. அடியில் உருகித் தங்கும் உப்பை நீரில் கரைத்தால் பச்சை நீர்மம். அதில் சுண்ணாம்பைச் சேர்த்தால் மீண்டும் வெள்ளை நீர்மம். செவ்வனே நடக்கும் ஆலையில் இவ்விதம் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கும் மேலான வேதிப்பொருள் திரும்பக் கிடைத்துவிடும். வெள்ளை, கறுப்பு, பச்சை என்ற இச்சுற்றைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்திருந்த நம் மாணவர், ஒவ்வொரு கலனின் அருகிலும் வீசும் மணத்தையும் இப்போது அடையாளம் சொல்கிறார்.

தண்ணீரின் கணக்கு

முதல் வாரம் பயனின்றிக் கழிந்ததாகவே அவர் கருதினார். ஏறத்தாழ முப்பது மாணவர்கள் ஓர் அதிகாரியின் பின்னே வரிசையாக நடந்தார்கள். இயந்திரக் கூடத்தின் இரைச்சலில் முன்வரிசை இருவருக்கு மட்டுமே அவர் சொல்வது கேட்டது. மற்றவர்கள் தலையசைத்தார்கள். பலர் பத்தாம் நாளோடு ஊர் திரும்பிவிட்டார்கள். சான்றிதழ் எப்படியும் வந்துவிடும் என்பது அவர்கள் எண்ணம்.

இரண்டாம் வாரத்தில் இவர் ஒன்று செய்தார். காலை ஷிப்ட் தொடங்கும் நேரத்திலேயே கூடத்துக்குப் போய், ஓய்வுபெறும் வயதை நெருங்கிய ஆபரேட்டர் ஒருவரிடம், "அண்ணே, நான் ஓரமாக நின்று பார்த்துக்கொள்ளலாமா?" என்று கேட்டார். அவர் முதலில் பொருட்படுத்தவில்லை. மூன்றாம் நாள் தேநீர் வேளையில் அவரே பேசத் தொடங்கினார். "காகிதம் எந்த இடத்தில் உண்டாகிறது என்று தேடிக்கொண்டிருக்கிறீர்கள், தம்பி. தண்ணீர் எங்கெங்கே போகிறது என்று பாருங்கள். மற்றதெல்லாம் தானாக விளங்கும்."

அன்றிரவு அறையில் அமர்ந்து மாணவர் போட்ட கணக்கை நாமும் சரிபார்த்தோம். முடிந்த காகிதம் 1 டன் என்றால், அதில் 940 கிலோ உலர்ந்த பொருள். 60 கிலோ நீர். அதே 940 கிலோ பொருள் இயந்திரத்தின் முகப்பில் நுழையும்போது நூற்றில் முக்கால் பங்குக்கும் குறைவாக, ஏறத்தாழ 0.6 விழுக்காடாக, நீரில் மிதந்து வருகிறது. அதாவது 1 டன் காகிதத்துக்கு ஏறக்குறைய 157 டன் கலவை! முகப்பை அடுத்து ஓடும் வலையின் வழியே 152 டன் நீர் வடிந்துவிடுகிறது. இந்நீரே திரும்பத் திரும்பச் சுழன்று பயன்படும். வலையைவிட்டு வரும் ஈரத் தாளில் பொருள் 20 விழுக்காடு. அதை ஃபெல்ட் என்ற தடித்த துணியோடு சேர்த்து உருளைகளுக்கிடையே பிழிகிறார்கள். இரண்டரை டன்னுக்குச் சற்றுக் குறைந்த நீர் அங்கே போகிறது. பொருள் 42 விழுக்காடாகிறது. எஞ்சிய நீரை நீராவியால் சூடேறிய உருளைகளின்மேல் தாளை ஓடவிட்டு உலர்த்த வேண்டும். அது 1,238 கிலோ மட்டுமே.

157 டன்னில் 1 டன்னும் சில்லறையுமான இந்த நீர்தான் விலை மிக்கது. வடிவதற்கும் பிழிவதற்கும் ஆகும் செலவு சிறிது. ஆவியாக்குவதற்கோ, ஒவ்வொரு கிலோ நீருக்கும் ஒரு கிலோவுக்கு மேலான நீராவி வேண்டும். நீராவிக்கு நிலக்கரி வேண்டும். பிழியும் இடத்தில் 42 விழுக்காட்டை 43 ஆக்க முடிந்தால், ஆவியாக்க வேண்டிய நீர் 1,238 கிலோவிலிருந்து 1,186 கிலோவாகக் குறையும். டன்னுக்கு 52 கிலோ என்பது சிறு தொகையாகத் தோன்றலாம். நிமிடத்துக்கு 800 மீட்டர் விரைவில், 4 மீட்டர் அகலத்தில், சதுர மீட்டருக்கு 60 கிராம் எடையுள்ள தாளை ஓட்டும் இயந்திரம் ஒன்று ஒரு நாளில் 276 டன் காகிதம் தரும். அப்படியானால் நாளொன்றுக்கு 14 டன் நீரை ஆவியாக்கும் செலவு மிச்சம். பிழியும் இடத்தில் ஒரு விழுக்காடு கூடினால் உலர்த்தும் நீராவியில் நான்கு விழுக்காடு மிஞ்சும் என்பது காகிதத் தொழிலில் வழிவழியாகச் சொல்லப்படும் வாய்ப்பாடு. அது எங்கிருந்து வந்தது என்பதை இக்கணக்கே காட்டிவிடுகிறது.

இதுவரை புத்தகத்திலும் கிடைக்கும். பின்பு நடந்ததே புத்தகத்தில் கிடைக்காதது. "தாளின் அந்தப் பக்கத்து ஓரம் எப்போதும் கொஞ்சம் ஈரம்" என்று ஆபரேட்டர் ஒருநாள் சொன்னார். எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, தாள் அறுந்து கீழே விழும்போதெல்லாம் அள்ளுகிற கைக்குத் தெரியும் என்றார். மாதக்கணக்கில் சொல்லி வருகிறாராம், எவரும் செவிகொடுக்கவில்லை. நம் மாணவர் அதையே தம் ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டார். தாள் அறுந்து இயந்திரம் பாதுகாப்பாக நின்ற வேளைகளில், பொறியாளர் அனுமதியோடு, பிழியும் பகுதியைத் தாண்டி வந்த ஈரத் தாளின் துண்டுகளை இரு ஓரங்களிலிருந்தும் நடுவிலிருந்தும் ஆபரேட்டர் எடுத்துத் தந்தார். மாணவர் அவற்றை உடனே மூடிய பையிலிட்டு எடை பார்த்து, ஆய்வகத்து அடுப்பில் 105 பாகையில் உலர்த்தி, மீண்டும் எடை பார்த்தார். பத்து நாள் இதே வேலை. ஒரே ஓரம் ஒவ்வொரு முறையும் மற்ற ஓரத்தைவிட ஏறத்தாழ 2 விழுக்காடு ஈரம் மிகுந்திருந்தது.

எண்களைக் கண்டதும் பொறியாளர் பிட்டரை அழைத்தார். ஃபெல்ட்டைக் கழுவும் நீர்த் தாரைகளில், அந்த ஓரத்துத் துளைகள் பல அடைபட்டிருந்தன. கழுவப்படாத துணி நாரும் பசையும் ஏறி, நீரை உறிஞ்சும் திறனை இழந்திருந்தது. துளைகளைச் சுத்தம் செய்ய அரை நாளும் ஆகவில்லை.

அறிக்கையில் ஒரு பெயர்

விடுமுறை முடிந்து வீடு வந்த மாணவர், பயிற்சி அறிக்கையைத் தட்டச்சுச் செய்து தந்தையிடம் காட்டினார். ஆங்கிலம் அறியாத தந்தை படங்களைப் பார்த்துக்கொண்டே போனார். நன்றியுரைப் பக்கத்தில் யார் யார் பெயர் இருக்கிறது என்று கேட்டார். கல்லூரி முதல்வர், துறைத் தலைவர், ஆலையின் பொது மேலாளர், பொறியாளர் என்று மகன் படித்தார்.

"ஈரத்தைச் சொன்னாரே, அவர்?"

"அவர் ஆபரேட்டர், அப்பா. அறிக்கையில் அப்படிப் போடும் வழக்கமில்லை."

தந்தை சற்று நேரம் பேசவில்லை. பின்பு, தாம் கட்டிய வீடுகளில் திறப்பு விழாவின்போது கல்வெட்டில் எத்தனை பெயர்கள் வெட்டப்பட்டிருந்தன என்றும், அவற்றுள் கொத்தனார் பெயர் எத்தனை என்றும் மகனைக் கேட்டார். இதை நமக்குச் சொன்னவர் மகனே. அன்று மாலையே அப்பக்கத்தை மாற்றி எழுதினார். ஆபரேட்டரின் பெயர் நன்றியுரையில் மட்டுமன்றி, ஈர வேறுபாட்டை முதலில் உணர்ந்தவர் அவரே என்று அறிக்கையின் முதல் பக்கத்திலும் இடம்பெற்றது. வாய்மொழித் தேர்வில் பேராசிரியர் ஒருவர் அந்த வரியைச் சுட்டிக்காட்டி, "கையால் தொட்டு 2 விழுக்காட்டைக் கண்டுபிடிக்க முடியுமா?" என்று வினவினாராம். "முப்பது ஆண்டு தொட்டவரால் முடிகிறது, ஐயா, என்னால் முடியவில்லை. அதனால்தான் எடை போட்டேன்" என்பது மாணவர் தந்த விடை.

புறப்படுமுன்

ஆலைக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டிய சிலவற்றையும் கூறிவிடுவோம். ஓடும் உருளைகள் இரண்டு சந்திக்கும் இடம் எதையும் உள்ளே இழுத்துவிடும். கையை விடுவித்துக்கொள்ள நேரம் தராது. தளர்ந்த சட்டை, மோதிரம், கைக்கயிறு, கழுத்துச் சங்கிலி எதுவும் ஆகாது. கழுத்தில் செபமாலையோ உத்தரியமோ அணியும் வழக்கமுள்ள பிள்ளைகள், கூடத்துக்குள் இருக்கும் வரையில் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளட்டும். பெண்பிள்ளைகள் துப்பட்டாவைத் தவிர்த்து, கூந்தலைச் சுருட்டித் தலைக்கவசத்துக்குள் முடிந்துகொள்ள வேண்டும். பெண்பிள்ளையை ஆலைக்கு அனுப்புவதா என்று தயங்கும் பெற்றோருக்கு ஒரு சொல்: ஆய்வகத்திலும் கட்டுப்பாட்டு அறையிலும் இயந்திரக் கூடத்திலும் இன்று பெண் பொறியாளர்கள் பணிபுரிகிறார்கள். தங்குமிடம் நம்பகமானதா என்பதை நேரில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்; அதன்பின் தடை சொல்லாதீர்கள்.

எல்லாவற்றினும் கொடியது கண்ணுக்குத் தெரியாதது. கூழ்த் தொட்டிகளிலும் கழிவுநீர்க் குழிகளிலும் ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு தேங்கக்கூடும். சிறிதளவு இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் வீசும். மிகுந்துவிட்டாலோ மூக்கின் உணர்வே மரத்துப்போகும். நாற்றம் நின்றுவிட்டது, இனி அச்சமில்லை என்று நினைப்பவர்தாம் வீழ்வர். ஒருவர் விழுந்ததைக் கண்டு தூக்கப் போனவரும், அவரைத் தூக்கப் போனவரும் அடுத்தடுத்து மாண்ட நிகழ்ச்சிகள் பல நாடுகளிலும் உண்டு. ஆகவே, யார் சொன்னாலும், எந்தத் தொட்டிக்குள்ளும் குழிக்குள்ளும் பயிற்சி மாணவர் இறங்கலாகாது. இதைப் புறப்படும் நாளில் ஒருமுறை சொன்னால் போதாது; தொலைபேசியில் பேசும்போதெல்லாம் நினைவூட்டுங்கள்.

விண்ணப்பிக்க மே மாதம் வரை காத்திருந்தால் இடம் கிடைப்பது அரிது. கல்லூரியிலிருந்து பெற்ற கடிதத்தோடு சனவரி, பிப்ரவரியிலேயே ஆலையின் பயிற்சிப் பிரிவுக்கு எழுதிவிட வேண்டும். விபத்துக் காப்பீட்டுச் சான்றும் பாதுகாப்புக் காலணியும் சொந்தமாக வேண்டுமா என்பதை முன்னரே கேட்டுக்கொள்வது நலம். நண்பர் கூட்டமாய்ப் போவதைவிட இருவர் மூவராய்ப் போவதே மேல். கூட்டமாகப் போனால் ஆலையைச் சுற்றிப் பார்ப்பதோடு நின்றுவிடும் என்பது நம் கருத்து. கூழையும் காகிதத்தையும் முழுநேரப் பாடமாகவே கற்க விரும்பும் பிள்ளைகளுக்கு உத்தரப்பிரதேசத்தின் சகாரன்பூரில் வாய்ப்பு உண்டு. அங்கு 1964-இல் தொடங்கப்பட்ட காகிதத் தொழில்நுட்பப் பள்ளி இன்று ரூர்க்கி ஐ.ஐ.டி.யின் ஒரு துறையாக விளங்குகிறது.

நம் மாணவர் பயிற்சிக்குச் செலவான தொகையைத் தம் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார். தாயின் சீட்டுப் பணம் முதல் வரியில் உள்ளது. நான்காம் ஆண்டுத் தேர்வு முடிந்ததும் தந்தையோடு மீண்டும் வேலைத்தலத்துக்குப் போய் அதை அடைப்பதாக ஏற்பாடு. அந்த ஆபரேட்டருக்கோ அறிக்கையின் ஒரு படி அஞ்சலில் போய்ச் சேர்ந்துவிட்டது.